மேஜையா, மடியா?

ஜனவரி 8

என்னங்க,

வேலை கிடைச்சிருச்சு!

இதைப் போன்லயே கத்திச் சொல்லியிருப்பேன். ஆனா ஞாயித்துக்கிழமை நீங்க மலை மேல ஏறி சிக்னல் பிடிக்கறீங்க. பின்னாடி பாதி கேம்ப் வரிசையில நின்னு தொண்டையைச் செருமுது. அதுக்கு நடுவுல எதைச் சொல்றது? "சாப்பிட்டியா"ன்னு நீங்க கேட்டு, "ஆச்சு"ன்னு நான் சொல்றதுக்குள்ள லைன் போயிடுது. உங்க அணைக்கட்டுக் கம்பெனி ஆபீஸ் லைன்ல சொந்த மெயில் அனுப்பக் கூடாதாம். அந்த ஆபீஸ் கம்ப்யூட்டர் பூராவையும் பார்த்துக்கறதே நீங்கதான், உங்களுக்கே கூடாதாம். போகட்டும், பேனாதான் இருக்கே.

டயர் கடைக்கு மேல ஒரு இன்ஜினியர் ஆபீஸ். வீடு கட்டித் தர்றவங்க. மாடி ஏறினதும் ரப்பர் வாசனை மூக்கைத் துளைக்கும், அரை மணி நேரத்துல பழகிடும். பாப்பா பிறந்ததும் விட்ட வேலையாச்சே, பிளான் போட வருமோ வராதோன்னு சந்தேகம். இன்ஜினியர் சார் ஒரு மாடிப்படி வரைஞ்சு காட்டச் சொன்னார். எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரலை. ஆனா கீபோர்டுல கை வச்சதும் விரல் தானா ஓடுச்சுங்க! எந்தக் கமாண்டுக்கு எந்த எழுத்துன்னு கேட்டிருந்தா முழிச்சிருப்பேன், விரலுக்குத் தெரியுது. அவர் திரையைப் பார்த்துட்டு, "எங்க இருந்தீங்க இவ்வளவு நாளா?"ன்னார். "சமையல் ரூம்ல சார்"னேன். சிரிச்சார்.

ஒரே ஒரு விஷயம். அங்க எல்லாரும் அவங்கவங்க மெஷினைக் கொண்டு வரணும். இப்போதைக்குத் தன்கிட்ட உபரியா இருந்த லேப்டாப்பை சார் எனக்குக் குடுத்திருக்கார். எனக்குன்னு ஒண்ணு வாங்கணும். தெருவுல யார் எது வாங்கினாலும் உங்களைக் கேட்டுத்தானே வாங்கறாங்க? நானும் வரிசையில வந்து நிக்கறேன். சொல்லுங்க, என்ன வாங்கட்டும்?

பாப்பா சாயங்காலம் உங்க அக்கா வீட்டுல இருக்கா. கவலை வேண்டாம்.

உங்கள்
வாயாடி

—

ஜனவரி 19

வாயாடிக்கு,

உன் கடிதம் சிமெண்ட் லாரியில ஏறி, உதறினா ஒரு செங்கல் அறுக்கலாங்கற அளவு தூசியோட வந்து சேர்ந்துச்சு. ரொம்ப சந்தோஷம். நிஜமாவே சந்தோஷம்.

கம்ப்யூட்டர் விஷயத்துல யோசிக்கவே தேவையில்ல. டெஸ்க்டாப் வாங்கு. லேப்டாப்புக்குக் குடுக்கற காசுல ரெண்டு மடங்கு பலம் கிடைக்கும். உன் வேலைக்குப் பெரிய திரை வேணும். லேப்டாப்னா சூடேறும், சூடேறினா அதுவே தன் வேகத்தைக் குறைச்சுக்கும், வீட்டை முப்பரிமாணத்துல சுத்திக் காட்டறப்ப பாதிச் சுவர்ல நின்னுடும். நாளைக்கு மெமரி பத்தலைன்னா டெஸ்க்டாப்புல சேர்த்துக்கலாம். ஏதாவது ஒண்ணு போச்சுன்னா அதை மட்டும் மாத்திக்கலாம். லேப்டாப்புல ஒண்ணு போனா மொத்தத்தையும் தூக்கிட்டு அலையணும். கழுத்து வலியும் இலவசம்.

ஹால் ஜன்னல் ஓரம் வச்சுக்கோ. வீட்டுலயே வரைஞ்சு முடிச்சு, பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துட்டு வந்துடலாமே. தினமும் டயர் கடை மாடி ஏறி ரப்பர் வாசனை பிடிக்கணும்னு என்ன தலையெழுத்து?

அந்த மனுஷன் லேப்டாப்பை முதல்ல திருப்பிக் குடுத்துடு. அடுத்தவங்க லேப்டாப்பும் அடுத்தவங்க பல் தேய்க்கிற பிரஷ்ஷும் ஒண்ணுதான். அதுல அவர் ஃபைல் இருக்கும், அவர் போட்டோ இருக்கும், என்ன வைரஸ் இருக்கோ. தொழில் தெரிஞ்சவனா சொல்றேன், வேற ஒண்ணுமில்ல.

இங்க நானும் சும்மா இல்ல. முதலுதவி அறை நர்ஸம்மா மேல்படிப்புப் பரீட்சைக்குத் தயாராகறாங்க, ஒரு மெஷின் வேணும்னாங்க. ஒரு ஞாயிறு பூரா உக்காந்து கேட்டேன். எங்க உக்காந்து படிப்பீங்க, சாஞ்சுக்கிட்டா, படுத்துக்கிட்டா? படிக்கறது அதிகமா, எழுதறது அதிகமா? கண்ணாடி போடுவீங்களா? கரண்டு போனா எவ்வளவு நேரம் தாங்கணும்? நெட் இல்லாத இடம், வீடியோவெல்லாம் உள்ளயே சேர்த்து வைக்கணுமே, அதுக்கு எவ்வளவு இடம்? கேட்டுக் கேட்டு, கீபோர்டைக் கழட்டி மாட்டற மாதிரி ஒரு டேப்லெட்தான் சரின்னு முடிவாச்சு. "டாக்டர்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார் சார்"னு ஒரே சிரிப்பு அவங்களுக்கு. மெஷின் வந்து சேர்ந்து, இப்ப பிரமாதமா ஓடுது.

உடனே வாங்கு. தாமதிக்காதே.

உன்
வீட்டுக்காரன்

—

ஜனவரி 30

மதிப்புக்குரிய கணினி ஆலோசகர் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய உத்தரவு கிடைக்கப்பெற்றேன். தாங்கள் நலமாக இருப்பதும், ஞாயிற்றுக்கிழமைகள் நல்லவிதமாகக் கழிவதும் அறிந்து மகிழ்ச்சி.

இதுக்கு மேல "தாங்கள்" போட எனக்குக் கை வரலை. நேராவே கேட்கறேன். அந்தம்மா சாஞ்சு படிப்பாங்களா படுத்துப் படிப்பாங்களான்னு உங்களுக்கு எதுக்குங்க?

சரி, தொழில். ஒத்துக்கறேன். தொழில் தெரிஞ்சவர் கேட்கத்தான் செய்யணும். அப்ப என்னைக் கேட்ட கேள்வி எத்தனை? உங்க கடிதத்தை ரெண்டு தடவை புரட்டிப் பார்த்தேன். ஒண்ணே ஒண்ணு இருக்கு: "என்ன தலையெழுத்து?" அதுக்கு எந்தக் கடையிலயும் மெஷின் விக்கறதில்ல.

நீங்க கேட்கலை, நானே சொல்றேன். என் வேலையில பாதி ஆபீஸ்ல, பாதி சைட்ல. நேத்து ஒரு வீட்டுக்குப் போனோம். சுவர் இடுப்பளவுதான் எழும்பியிருக்கு. வீட்டுக்காரர் வெறும் மணல்ல நின்னுக்கிட்டு, "இங்க அலமாரி வச்சா கதவு இடிக்குமா?"ன்னு கேட்கறார். செங்கல் அடுக்கு மேல லேப்டாப்பை வச்சு, கதவைத் திருப்பிக் காட்டி, இடிக்குதுன்னு அங்கயே அந்தப் பக்கம் மாத்திக் குடுத்தேன். மேஸ்திரி எட்டிப் பார்த்துட்டு, "அட, இது நல்லாருக்கே"ன்னார். இதுக்கு நான் ஹால் ஜன்னல்ல இருந்து டெஸ்க்டாப்பைத் தலையில தூக்கிட்டுப் போகவா?

நீங்க சொன்ன காரணம் எல்லாம் சரிதான். பலம் அதிகம், சூடாகாது, ரிப்பேர் சுலபம். எல்லாம் மெஷினைப் பத்தின காரணம். என்னைப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல.

சாரோட லேப்டாப் சுத்தமா இருக்கு. நானே வைரஸ் ஸ்கேன் பண்ணிட்டேன். ஓட்டத் தெரியும், நீங்க சொல்லிக் குடுத்ததுதான்.

நர்ஸம்மாவுக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்க.

இப்படிக்கு,
கேள்வி கேட்கப்படாதவள்

—

பிப்ரவரி 10

இன்ஜினியர் ஆபீஸ் மேடத்துக்கு,

நேத்து சிக்னல் நல்லா கிடைச்சுது. உனக்குப் போட்டேன், நீ எடுக்கலை. ஞாயித்துக்கிழமைகூட சைட்டாம். அக்காவுக்குப் போட்டேன். அக்கா ஒண்ணும் தப்பா சொல்லலை. "தினமும் சாயங்காலம் வெள்ளைக் கார்ல வந்து இறங்கறா, இன்ஜினியரே ஓட்டிட்டு வர்றார், பாவம், நல்ல மனுஷன்"னா. அவ்வளவுதான். அந்த "நல்ல மனுஷன்" எனக்குத் தொண்டையில மாட்டிக்கிச்சு.

அவர் லேப்டாப்பு, அவர் காரு. அடுத்து என்ன குடுக்கப் போறார்?

எனக்கு சந்தேகம்னு நினைக்காதே. சந்தேகம் இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். நம்ம தெருவுல, உன் சொந்தத்துல, என் சொந்தத்துல, யார் வீட்டுல மெஷின் நுழைஞ்சாலும் அது என் கை வழியாத்தான் நுழைஞ்சிருக்கு. என் பெண்டாட்டி மட்டும் எவனோ ஒருத்தன் குடுத்ததை மார்போட அணைச்சுக்கிட்டு கார்ல வந்து இறங்கறா. இதை நான் எந்த மலை மேல ஏறிச் சொல்ல?

நர்ஸம்மா விஷயத்தைப் பெருசாக்காதே. அவங்க ஒரு கஸ்டமர் மாதிரி. நீ வீட்டு ஆளு. வீட்டு ஆளை என்ன கேட்கறது?

பேசிப் பிரயோஜனமில்லைன்னு, நானே முடிச்சுட்டேன். கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கானே என் கூட்டாளி, அவனுக்குச் சொல்லியாச்சு. நல்ல பிராசஸர், தனி கிராஃபிக்ஸ் கார்டு, பெரிய திரை. என் கையாலே பாகம் பாகமா எழுதிக் குடுத்திருக்கேன். இந்த வாரம் வீட்டுக்கே வந்து மாட்டிக் குடுத்துடுவான். அந்த லேப்டாப் அது இருந்த இடத்துக்குப் போகட்டும்.

உன் நல்லதுக்குத்தான்.

உன்
வீட்டுக்காரன்

—

பிப்ரவரி 21

என்னங்க,

கோபமில்லாம எழுதணும்னு ரெண்டு நாள் ஆறப் போட்டேன். ஆறலை. ஆனாலும் எழுதறேன்.

டெஸ்க்டாப் வந்துச்சு. உங்க கூட்டாளி பெட்டியைத் தூக்கிக்கிட்டு மூச்சு வாங்க மாடி ஏறி, "அண்ணி, எங்க வைக்க?"ன்னார். "அண்ணனையே கேளுங்க"ன்னேன். பாவம், அவர் என்ன பண்ணுவார்! ஜன்னல் ஓரம் மாட்டிட்டு, டீயைக்கூடக் குடிக்காம ஓடிட்டார். பாப்பா பக்கத்துல வந்து நின்னா. ஸ்கூல்ல புதுசா பாடம் நடத்தியிருக்காங்க போல. "இது மேஜைக் கணினி, அது மடிக்கணினி. உனக்கு எதும்மா வேணும், மேஜையா, மடியா?"ன்னு கேட்டா. இந்த வீட்டுல என்னைக் கேட்ட முதல் ஆள் அவதான்.

நீங்க சொன்னபடி லேப்டாப்பை சார்கிட்ட திருப்பிக் குடுத்துட்டேன். "ஏன், ஏதாவது பிரச்சினை பண்ணுதா?"ன்னார். "லேப்டாப் ஒண்ணும் பண்ணலை சார்"னேன். அவர் வாங்கி அலமாரியில வச்சுட்டார்.

அடுத்த நாள் வேற ஒரு வீட்டு சைட். அந்த வீட்டம்மா கீழ்ப்பாதி மட்டும் கட்டின மாடிப்படியில ஏறிப் பார்த்துட்டு, "மேல பீம் தலையில இடிக்கும் போலிருக்கே, திருப்பத்தை ரெண்டடி தள்ளி வைக்க முடியுமா? இப்பவே சொல்லுங்க, மத்தியானம் கம்பி கட்டறாங்க"ன்னு கேட்டாங்க. என் கையில பேப்பர்தான் இருக்கு. "வீட்டுக்குப் போய் மாத்தி, நாளைக்குக் கொண்டு வர்றேம்மா"ன்னேன். அவங்க மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே! என்கூட வேலை பார்க்கிற பொண்ணு, காலேஜ் முடிச்சு ஒரு வருஷம்கூட ஆகலை, தன் லேப்டாப்பைத் திறந்து நின்ன வாக்குல மாத்திக் காட்டிட்டா. அது என் பிளானுங்க. எந்தக் கோடு எங்கேன்னு தூக்கத்துலகூடச் சொல்லுவேன். அதை அவ மாத்தறா, நான் பக்கத்துல நின்னு அவளுக்கு வெயில் மறைக்கப் பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். அவ மேல எனக்கு வந்த பொறாமை இருக்கே, இதுவரைக்கும் யார் நகையைப் பார்த்தும், யார் வீட்டைப் பார்த்தும் எனக்கு அப்படி வந்ததில்ல.

அந்த வீட்டம்மாவோட தம்பியும் வீடு கட்டறார். அந்த வேலை எனக்குன்னு பேச்சு இருந்துச்சு. இப்ப அவளுக்குப் போயிடுச்சு.

அடுத்து நடந்ததையும் எழுதிடறேன். மறைச்சா நீங்க கற்பனை பண்றது இன்னும் பெருசா இருக்கும். எல்லாரும் போனப்புறம் நான் படியில உக்காந்திருந்தேன். சார் வந்து கீழ் படியில நின்னுக்கிட்டு, "உங்களுக்கு எங்க உக்காந்து வேலை பண்ணினா வசதி? என்ன இருந்தா நல்லா இருக்கும்? சொல்லுங்க, ஏற்பாடு பண்ணலாம்"னார். அவ்வளவுதான் கேட்டார். எனக்கு அழுகை வந்துடுச்சு. பூசின ஈரம் காயாத சுவர் பக்கம் திரும்பிக்கிட்டேன். அவர் கீழ இறங்கிப் போயிட்டார். அழுததைவிட, அவர் முன்னாடி அழுதேனேங்கறதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு.

அவர் மேல எனக்கு எந்த நினைப்பும் இல்ல. ஆனா அந்தக் கேள்வி உங்க குரல்ல வந்திருக்கணும். வேற குரல்ல வந்துச்சு. அதுதான் விஷயம்.

மெஷின் நல்லா ஓடுது. பாப்பா அதுல படம் பார்க்கறா.

—

மார்ச் 2

கடிதம் கிடைச்சுது.

என்ன எழுதறதுன்னு தெரியலை. உனக்கு எது வசதியோ அதைச் செய். இனி நான் சொல்ல ஒண்ணுமில்ல.

பாப்பாவைப் பார்த்துக்கோ.

—

மார்ச் 11

என்னங்க,

"உனக்கு எது வசதியோ அதைச் செய்"ன்னு நீங்க எழுதினது அனுமதியா, சாபமான்னு புரியலை. அனுமதின்னே வச்சுக்கிட்டேன். செஞ்சுட்டேன்.

உங்க கூட்டாளியைக் கூப்பிட்டு டெஸ்க்டாப்பைத் திருப்பி எடுத்துக்கச் சொன்னேன். "அண்ணன் திட்டுவார் அண்ணி"ன்னார். "அவரு திட்டறதுன்னா மலை மேல ஏறணும், அதுக்குள்ள நாம முடிச்சுடலாம்"னேன். அதுக்கு ஈடா லேப்டாப் எடுத்துக்கறேன்னு அவர் கூடவே கடைக்குப் போனேன்.

கடையில புதுசா ஒருத்தர் விக்கறார். என்னைப் பார்த்ததும், "சார் வரலையா மேடம்?"னார். "சாருக்கு வேணும்னா சார் வருவார், எனக்கு வேணும், நான் வந்திருக்கேன்"னேன். அப்பவும் விடலை. நேரா ரோஸ் கலர்ல, விரல் கனத்துல ஒண்ணை எடுத்து நீட்டறார். "லேடீஸ் எல்லாம் இதைத்தான் விரும்பறாங்க. ஹேண்ட்பேக்லயே அடங்கிடும்." உங்க கூட்டாளி எச்சிலை முழுங்கினார்.

நான் ஒவ்வொண்ணையும் தூக்கிக்கிட்டு கடை வாசலுக்குப் போய் வெயில்ல பிடிச்சுப் பார்த்தேன். ரோஸ் கலர்ல என் மூஞ்சிதான் தெரிஞ்சுது, கண்ணாடியே தேவையில்ல. பளபளக்காத திரை வேணும்னு சொன்னேன். தனி கிராஃபிக்ஸ் கார்டு வேணும்னேன். வலது ஓரத்துல நம்பர் கட்டை தனியா இருந்தே ஆகணும்னேன். ஒரு நாள் பூரா அளவு அடிக்கறவளுக்கு மேல் வரிசையில நம்பரைத் தேடச் சொன்னா விரல் ஒடிஞ்சு போகும். மெமரியைப் பின்னாடி கூட்ட முடியுமான்னு கேட்டேன். அவர் தெரியாம முழிச்சார். "திருப்பி அடிப்பக்கம் மூடியைக் கழட்டிக் காட்டுங்க"ன்னேன். கழட்டினார். ஒரு இடம் காலியா இருந்துச்சு. "சரி, இது"ன்னேன்.

கனம்தான். பதினாலு அங்குலத்துல எடுத்திருந்தா லேசா இருந்திருக்கும், ஆனா அதுல நம்பர் கட்டை இல்ல. சார்ஜரையும் சேர்த்தா தோள் ஒரு பக்கம் இறங்குது. இறங்கட்டும். யாருடையதும் இல்ல, என்னுடையது.

உங்களைக் கேட்காம இந்த வீட்டுக்குள்ள வந்த முதல் மெஷின். உங்களுக்கு வருத்தமா இருக்கும்னு தெரியும். எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. வாங்கிட்டு வர்ற வழியெல்லாம் உங்ககிட்ட காட்டணும் போல இருந்துச்சு.

—

மார்ச் 12

வாயாடி,

அந்த மூணு வரிக் கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுடு. அதை எழுதினவன் மனுஷனே இல்ல.

ஒண்ணு நடந்துச்சு. சொல்றேன். நீ கோபப்பட்டாலும் பரவாயில்லைன்னுதான் சொல்றேன், ஏன்னா இதுல நர்ஸம்மா வர்றாங்க.

அவங்க கீபோர்டுல ஒரு கட்டை ஒட்டிக்கிச்சுன்னு முந்தாநாள் சரி பண்ணப் போனேன். என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "உடம்பு சரியில்லையா சார்?"ன்னாங்க. "வீட்டுல சின்னத் தகராறு, கம்ப்யூட்டர் வாங்கறதுல"ன்னேன்.

"என்ன வாங்கினீங்க?"

"டெஸ்க்டாப்."

"அவங்களுக்கு என்ன வேலை?"

"வீட்டுப் பிளான் போடறா."

"எங்க உக்காந்து போடுவாங்க?"

"ஆபீஸ்ல. அப்புறம்... சைட்லயும்."

"அப்ப டெஸ்க்டாப்பை எப்படித் தூக்கிட்டுப் போவாங்க?"

நான் கட்டையைத் துடைச்சுக்கிட்டே இருந்தேன். அது எப்பவோ சுத்தமாயிடுச்சு. அவங்க விடலை. "எனக்கு வாங்கித் தர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் பூரா கேள்வி கேட்டீங்களே. அவங்களை என்ன கேட்டீங்க?"

"அவளை எனக்குத் தெரியாதா? கேட்டுத்தான் தெரியணுமா?"ன்னேன்.

"தெரிஞ்சா சரிதான் சார். அவங்க எந்தத் தோள்ல பை மாட்டுவாங்க?"

வலதுன்னேன். சட்டுன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு வெளிய வந்து, ஜெனரேட்டர் ஷெட் வரைக்கும் நடந்துக்கிட்டே யோசிச்சேன். நீ பையோட வாசல்ல நிக்கற மாதிரி நினைச்சுப் பார்க்கறேன். எந்தத் தோள்னு வரமாட்டேங்குது. பை இருக்கு, நீ இருக்கே, தோள் மட்டும் தெரியலை.

அப்பதான் புரிஞ்சுது. நீ வேலை பார்த்து நான் பார்த்ததே இல்ல. கல்யாணமாகி ரெண்டு வருஷம் நீ வேலைக்குப் போனே, ஒரு நாள்கூட உன் ஆபீஸுக்கு நான் வந்ததில்ல. வாசல்ல வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பேன், அவ்வளவுதான். விரல் தானா ஓடுச்சுன்னு எழுதினியே, அதை அந்த இன்ஜினியர் பார்த்திருக்கார். மேஸ்திரி பார்த்திருக்கார். அந்தச் சின்னப் பொண்ணு பார்த்திருக்கா. நான் பார்த்ததில்ல. எனக்கு வந்தது பொறாமைதான். சந்தேகம் இல்லைன்னு சொன்னது நிஜம், பொறாமை இல்லைன்னு நான் எங்கயும் எழுதலை. டெஸ்க்டாப் வாங்கிக் குடுத்துட்டா நீ ஜன்னல் ஓரத்துலயே இருப்பே, வேற யாரும் பார்க்க முடியாதுன்னு உள்ளுக்குள்ள ஒரு கணக்கு. பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டெல்லாம் அதுக்கு மேல போர்த்தின போர்வை.

நர்ஸம்மாவைக் கேட்கறது சுலபம். பதில் எதுவா இருந்தாலும் எனக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல. உன்னைக் கேட்டா, நீ சொல்ற பதில்ல நான் இல்லாத ஒரு இடம் இருந்துடுமோன்னு பயம்.

சரி. இப்ப கேட்கறேன். கஸ்டமரைக் கேட்கற மாதிரியே கேட்கறேன், பொறுமையா பதில் சொல்லு.

பையை எந்தத் தோள்ல மாட்டறே? சைட்ல எங்க வச்சு வேலை பண்றே, உக்காந்தா, நின்னா? வெயில் எந்தப் பக்கம் இருக்கும்? பிளக் பாயிண்ட் இல்லாம எவ்வளவு நேரம் தாங்கணும்? உன் திரையைக் கூட்டம் கூடிப் பார்ப்பாங்களா, ஒருத்தர் மட்டுமா? வேற யாராவது அந்த மெஷினைத் தொடுவாங்களா? எது சரியா இல்லைன்னா உனக்கு எரிச்சல் வரும்? எது இருந்தா சந்தோஷமா இருக்கும்?

கடைசியா ஒரு கேள்வி எழுதி அடிச்சுட்டேன். அதை விட்டுடு.

என் கணக்குப்படி பதினாலு அங்குலம், லேசானது, நல்ல பேட்டரின்னு தோணுது. ஆனா உன் பதில் வரட்டும், அப்புறம் பார்க்கலாம். அவசரமில்ல.

—

மார்ச் 23

என்னங்க,

என் கடிதமும் உங்க கடிதமும் வழியில எங்கயோ லாரி மாறிப் போயிருக்கு. இந்நேரம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், நான் வாங்கிட்டேன். பதினாலு அங்குலம் இல்ல. உங்க கணக்கு தப்பு. நம்பர் கட்டையை விட்டுட்டீங்க.

இருந்தாலும் கேள்விக்கெல்லாம் பதில் எழுதறேன். வாங்கின பிறகு எதுக்குன்னு கேட்காதீங்க. கேட்டீங்களே, அதுக்கு.

பை இடது தோள். வலது தோள்ல பாப்பாவைத் தூக்கித் தூக்கி அது எப்பவோ போயாச்சு, ஈரத் துணியைப் பிழிஞ்சாக்கூட வலிக்கும். உங்ககிட்ட சொன்னதில்ல. நீங்களும் கேட்டதில்ல.

சைட்ல நின்னுக்கிட்டுத்தான். செங்கல் அடுக்கு கிடைச்சா அது மேல, இல்லைன்னா சிமெண்ட் மூட்டை மேல ஒரு பலகை போட்டு. இப்ப ஒரு மேஸ்திரி எனக்குன்னே பலகையைத் தனியா எடுத்து வைக்கிறார், "மேடம் மேஜை"ன்னு அதுக்குப் பேர். வெயில் எல்லாப் பக்கமும் இருக்கும், கூரை வர்றதோட எங்க வேலை முடிஞ்சுடுமே. பேட்டரி மத்தியானம் வரைக்கும் தாங்கினா போதும், தாங்குது. கூட்டம் கூடித்தான் பார்ப்பாங்க. வீட்டுக்காரர், அவர் சம்சாரம், மாமனார், கம்பி கட்டறவர், எல்லார் தலையும் என் தோளுக்கு மேல. அப்ப ஒரு சுவரை எடுத்துட்டு ஜன்னல் வைப்பேன். "ஆ"ன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க. அதுக்காகத்தான் நான் அந்த மாடி ஏறறேன்.

எரிச்சல் வர்றது சத்தம் போடற கட்டை. சந்தோஷம் வர்றது, முப்பரிமாணத்துல வீட்டுக்குள்ள நடக்கறப்ப நிக்காம ஓடணும். ஓடுது. ஒரு நாள் உங்களுக்கும் நடந்து காட்டறேன்.

"வேற யாராவது தொடுவாங்களா?" இது தொழில் கேள்வி இல்லைன்னு எனக்குத் தெரியும். பாப்பா தொடுவா.

லீவு எப்ப கிடைக்கும்னு கேட்டு எழுதுங்க. ஹாரன் அடிக்கக் கூடாது, மாடி ஏறி வரணும். வந்தா என் பின்னாடி ஒரு ஓரமா உக்காந்து பார்க்கலாம். யோசனை சொல்லக் கூடாது.

நர்ஸம்மாவைப் பத்தி. அவங்க எனக்காகப் பேசினது நல்ல விஷயம்தான், நன்றி சொல்லுங்க. ஆனா எனக்கு வயித்தெரிச்சல் இன்னும் போகலை. நான் ரெண்டு கடிதம் எழுதிப் புரியாதது, அவங்க ஒரு கட்டை துடைக்கற நேரத்துல உங்களுக்குப் புரிஞ்சுடுச்சாக்கும்! பரீட்சைக்கு நல்லாப் படிக்கச் சொல்லுங்க. சாஞ்சோ, படுத்தோ, எப்படியாவது. நல்லபடியா பாஸாகி, பெரிய ஆஸ்பத்திரியில, ரொம்ப தூரத்துல, நல்ல வேலை கிடைக்கணும்னு நான் தினமும் வேண்டிக்கறேன்னும் சொல்லுங்க.

நீங்க அடிச்சுட்ட கேள்வியை விட்டுடச் சொன்னீங்க. என்னால முடியலை. காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன், தெரிஞ்சுது. "அவர் நல்லவரா?"ன்னு எழுதியிருக்கீங்க.

நல்லவர்தாங்க. அதனாலதான் நான் இப்ப அந்தக் கார்ல வராம பஸ்ல வர்றேன்.

உங்கள்
வாயாடி